முதல் ஊசிக்கே காய்ச்சல்... மீதி ஊசிகளை மாமியாருக்குத் தெரியாமல் போடலாமா?

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

முதல் குழந்தை, பெண், இப்போது 11 மாதம், எடை எட்டு கிலோ. பிறந்தவுடன் போட வேண்டிய ஊசிகளை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். ஒன்றரை மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு வந்த அன்று ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். இரண்டு மணி நேரம் குழந்தை விடாமல் அழுதிருக்கிறது. வீட்டில் இருந்த காய்ச்சல் மருந்தை அரைப் பாலாடை புகட்டியும் குறையவில்லை. தொடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்து ஒரு மாதம் வரை கரையாமல் நின்றது. “இனி என் பேத்திக்கு ஊசியே வேண்டாம்” என்று மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தபோதெல்லாம் “பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, அப்புறம் வர்றோம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். ஒன்பது மாத ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது, ஆட்டிசம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவைக் கேட்டதிலிருந்து அவரும் தயங்குகிறார்.

இதற்கிடையே பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. உடம்பெல்லாம் நீர் கோத்த கொப்புளம். அதற்கு முந்தின நாள் வரை அவன் இவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். வீட்டில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறார், ஏழு மாதம்.

“அம்மை ஊசியை இப்போதாவது போட்டால் என் பிள்ளைக்கு இந்த அம்மை வராதா? விட்டுப்போன ஊசிகளை முதலிலிருந்து போட வேண்டுமா? அத்தைக்குத் தெரியாமல் ஒரு புதன்கிழமை தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தால் தப்பா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் ஆகிவிடவில்லை. 11 மாதப் பெண் குழந்தைக்கு எட்டு கிலோ சரியான எடைதான். தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் வைத்துப் பாருங்கள், பச்சைப் பகுதியில்தான் வரும். ‘ஊசி போட்டதில் பிள்ளை நோஞ்சானாகிவிட்டது’ என்ற பேச்சுக்கு அந்த அட்டையே பதில். விட்டுப்போன ஊசிகள் எல்லாவற்றையும் இன்னும் போடலாம். அதற்கு முன் உங்கள் வீட்டில் வேறொரு அவசரம் இருக்கிறது.

நாத்தனாரை முதலில் கவனியுங்கள்

இந்தப் பகுதி காத்திருக்கக் கூடாது என்பதால் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். கர்ப்பிணி இருக்கிற வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்திருப்பது சின்னம்மை. நெஞ்சிலும் முதுகிலும் ஆரம்பித்து, சில கொப்புளம் புதிதாகவும் சில காய்ந்தும் ஒரே நேரத்தில் கலந்து கிடக்கும். கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது மற்றவர்களுக்குத் தொற்றும். எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே முந்தின நாள் அவன் உங்கள் திண்ணையில் விளையாடியது கணக்கில் வரும். நாத்தனார் அவனோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் பாடாக முடிந்துவிடுகிற சின்னம்மை, கர்ப்பிணிக்கு அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. நுரையீரலில் இறங்கினால் தாயின் உயிருக்கே ஆபத்து. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரையிலான காலத்தில் தாய்க்கு அம்மை போட்டால் பச்சைக் குழந்தைக்கு மிகக் கடுமையாக வரும்.

நாத்தனாருக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்திருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கள் மாமியார்தான். எந்த வயதில் வந்தது, எத்தனை நாளில் தண்ணீர் ஊற்றினோம், எந்தக் கோவிலுக்கு வேண்டிக்கொண்டோம் என்பதெல்லாம் தாய்க்கு மறக்காது. வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வரவில்லை, அல்லது சரியாக ஞாபகமில்லை என்றால், அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் முதலில் போனில் விவரம் சொல்லிவிட்டு அன்றே போங்கள். அம்மைத் தொடர்பு உள்ளவர் நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகள் நடுவில் உட்காரக் கூடாது, அதனால்தான் போன். ரத்தத்தில் சின்னம்மைக்கான எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இல்லை என்று வந்தால் எதிர்ப்புப் புரதம் உள்ள இம்யூனோகுளோபுலின் ஊசி ஒன்று உண்டு. தொடர்பு ஏற்பட்டு பத்து நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எல்லா ஊரிலும் கிடைக்கிற மருந்து அல்ல. அது கிடைக்காத இடத்தில் அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தரலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். சின்னம்மைத் தடுப்பூசியை மட்டும் கர்ப்ப காலத்தில் போடவே கூடாது.

ஒருவேளை நாத்தனார் உடம்பில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அசைக்ளோவிர் முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். மூச்சு வாங்கினால், இருமல் கூடினால், நெஞ்சு வலித்தால் 108-ஐ அழைத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ‘ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது’ என்ற பேச்சுக்குக் கர்ப்பிணி விஷயத்தில் இடமே கொடுக்காதீர்கள்.

வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இந்த வீட்டுக்குள் இப்போது வராதீர்கள் என்று தெருவுக்கே சொல்லிவிடுகிற ஏற்பாடு அது. இளநீர், மோர், கூழ் எல்லாமே நல்லவை. ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்ப வேண்டாம், புண்ணில் சீழ் பிடித்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது, ஐபுபுரூஃபனும் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த ராத்திரி நடந்தது என்ன?

ஒன்றரை மாதத்தில் குழந்தைக்குத் தொடையில் போட்ட ஊசிகளில் ஒன்று பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. இதில் கக்குவான் இருமல் கிருமியைக் கொன்று முழுதாகச் சேர்த்திருக்கிறார்கள். காய்ச்சலும் வலியும் பெரும்பாலும் அந்தப் பகுதியால் வருவதுதான். ஓரிரு நாளில் தணிந்துவிடும். கட்டியும் அப்படித்தான், சில குழந்தைகளுக்குச் சில வாரம் நின்று தானாகக் கரையும். தேய்க்கவோ சூட்டு ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. முதல் நாளில் ஈரத்துணி வைத்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது காய்ச்சலைவிட அந்த ‘அரைப் பாலாடை’தான். காய்ச்சல் மருந்தைப் பாலாடையில் அளக்காதீர்கள். பாலாடைக்குப் பாலாடை அளவு மாறும். மருந்துக்கு மருந்து வீரியமும் மாறும். பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். ஒரு பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று இருக்கும். அதே நிறத்தில், அதே கடையில் கிடைக்கும் இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 இருக்கும். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரே ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக் கணக்கு. உங்கள் எட்டு கிலோக் குழந்தைக்கு 120 மில்லிகிராம். அதாவது முதல் சிரப்பில் 5 மில்லி, இரண்டாவதில் சுமார் 2.5 மில்லி, சொட்டு மருந்தில் 1.2 மில்லி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி புகட்டினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், கல்லீரல் கெடும். ஆறு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கூடவே வருகிற கோடு போட்ட மூடியையோ டிராப்பரையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, மூச்சு இளைப்பது, பின்பு வலிப்பு வருவது, குழந்தை துவண்டு போவது, பால் குடிக்க மறுப்பது, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நிற்பது – இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த டோஸ் போடும் முன் யோசிக்க வேண்டியதும் அப்போதுதான். 102 டிகிரி காய்ச்சல், அழுகை, கட்டி மூன்றும் அடுத்த ஊசியை நிறுத்தக் காரணமாகாது. ஆனாலும் போன முறை இப்படி ஆனது என்று நர்சம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த ஊசி எதைத் தடுக்கிறது என்று மாமியாருக்குத் தெரிந்தால் நல்லது. கக்குவான் இருமல் வந்த இரண்டு மாதக் குழந்தையை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இருமல் தொடங்கினால் மூச்சு இழுக்க இடைவெளியே கிடைக்காது. முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்து, கடைசியில் குடித்த பாலெல்லாம் வெளியே வரும். சின்னக் குழந்தைகளில் சிலருக்கு இருமலே கேட்காது, மூச்சு மட்டும் நின்று நின்று வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் தூங்கப் பயப்படுவாள். ஒரு ராத்திரிக் காய்ச்சலோடு இதை எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மதுரைக்குப் போய்க் காசு கொடுத்து ‘வலிக்காத ஊசி’ போடலாமா என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். அதில் காய்ச்சல் குறைவுதான், போடுவது தவறில்லை. ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அதில் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. காசு இல்லாததால் பிள்ளைக்கு மட்டமான ஊசி போடுகிறோமோ என்ற எண்ணம் உங்களுக்கு வேண்டாம். சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவது நல்ல ஊசி.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம்

முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் போட்ட டோஸ் போட்டதுதான். ஒரு வயதுக்குள் ஒரு பென்டா போட்டுவிட்டதால் மீதி இரண்டையும் பென்டாவாகவே முடித்துக்கொள்ளலாம். அந்த ராத்திரிப் பாடு வீண்போகவில்லை.

இந்த முதல் வருகையிலேயே பென்டா இரண்டாம் டோஸ், போலியோ சொட்டு, கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, நிமோனியாவுக்கான பிசிவி ஊசி, அதோடு ஒன்பது மாதத்தில் போட வேண்டிய எம்.ஆர். என்னும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, வைட்டமின் ஏ திரவம் என்று பலவும் சேர்ந்து வரும். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். வேறு வேறு இடத்தில் ஒரே நாளில் போடலாம், குழந்தையின் உடம்பு தாங்கும். எதை இன்றைக்கு, எதை நான்கு வாரம் கழித்து என்று நர்சம்மா பிரித்துச் சொல்வார். நம் மதுரை மாவட்டம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவும் மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அதற்கான ஊசியும் இதில் சேரும். பிறகு 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாம் டோஸும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்குமான டிபிடி பூஸ்டரும்.

சளி, லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு எதற்கும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ‘சளி பிடித்திருக்கிறது’ என்று நர்சம்மாவைத் திருப்பி அனுப்பிய நாளெல்லாம் ஊசி போட்டிருக்கக்கூடிய நாள்தான்.

மருந்து கெட்டுப்போயிருக்குமோ, ஊசி பழையதோ என்றும் கேட்டிருந்தீர்கள். அரசு ஊசிக்கு வருகிற சிரிஞ்ச் ஒரு முறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் அந்த மருந்து வெயில், சூடு தாங்கி நன்றாக இருக்கிறது என்று பொருள். சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் போடக் கூடாது. காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். மாமியாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எம்.ஆர். ஊசியை ஊரில் ‘அம்மை ஊசி’ என்று சொல்வதால் எல்லா அம்மையும் அதில் அடங்கும் என்று நினைத்துவிட்டீர்கள். அது தட்டம்மையையும் ரூபெல்லாவையும் மட்டும் தடுக்கும். பக்கத்து வீட்டுச் சின்னம்மைக்கு அதில் பாதுகாப்பு இல்லை. சின்னம்மைக்குத் தனி ஊசி இருக்கிறது. அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியார் மருத்துவமனையில் ஒரு வயது முடிந்த பிறகு, வழக்கமாக 15 மாதத்தில் போடுவார்கள். இப்போது உங்கள் குழந்தைக்கு அதற்கு வயதாகவில்லை. ஒருவேளை சின்னம்மை தொற்றிவிட்டால் கொப்புளமும் காய்ச்சலும் எந்த அளவில் இருக்கின்றன என்று ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள், போதும்.

அப்படியானால் எம்.ஆர். எதற்கு? தட்டம்மையை, அதாவது மணல்வாரியைச் சின்னம்மையோடு ஒன்றாக வைக்கக் கூடாது. மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், இருமல், சிவந்த கண், மூக்கு ஒழுகல் என்று வந்து, பிறகு காதோரத்தில் தொடங்கி உடம்பெல்லாம் செம்மணலாகப் பரவும். நோயாளி எழுந்து போன பின்னும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி நிற்கும். ஊசி போடாதவர் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, கண்பார்வை இழப்பு வரை கொண்டுபோகும். அது போன பிறகும் பல மாதம் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தே கிடக்கும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு முதல் சில மாதங்களில் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படலாம். உங்கள் மகளுக்கு ஊசி போட்டால் நாத்தனாருக்குத் தொற்றுமோ என்ற பயம் வேண்டாம், இந்த ஊசியில் உள்ள கிருமி அப்படிப் பரவாது.

இனி நான் சொல்வதை ஊசிக்குப் போகும் முன்பே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் வருவதானால் அன்றைக்கு வராது. ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் வரும். சில குழந்தைகளுக்கு லேசாகச் செம்பொரி பூத்து இரண்டு மூன்று நாளில் மறையும். பக்கத்து வீட்டுச் சின்னம்மை தொற்றியிருந்தால் அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். இரண்டு கணக்கும் ஒரே வாரத்தில் வந்து விழ வாய்ப்பிருக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாள் குழந்தைக்குக் கொப்புளம் கிளம்பினால் ‘பார்த்தியா, ஊசியாலதான் ஆத்தா வந்துட்டா’ என்று சொல்லத் தோன்றும். நீர் கோத்த கொப்புளம் என்றால் அது திண்ணையில் தொற்றியது. ஊசியில் வந்தது அல்ல.

சின்னம்மைத் தொடர்பு இருப்பதற்காக ஊசியை ஒத்திப்போட வேண்டியதில்லை. பையன் உங்கள் வீட்டில் விளையாடி ஒரு வாரம் தாண்டிவிட்டது என்றால் மட்டும் கிளம்பும் முன் நர்சம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நேரம் சொல்வார், அல்லது வேறு நாள் குறிப்பார்.

அந்த வாட்ஸ்அப் குரல்

இந்த வதந்தி புதிதல்ல. 1998-ல் இங்கிலாந்து மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரைதான் அதன் ஊற்று. விவரங்கள் திரிக்கப்பட்டிருந்தது தெரிந்து, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவர் உரிமமும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2019-ல் வந்த ஆய்வில், தட்டம்மை ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று தெளிவாகிவிட்டது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவது ஒன்று, ஒன்றரை வயதில். இந்த ஊசி போடுவதும் அதே வயதில். அந்தப் பொருத்தம்தான் மனதைக் குழப்புகிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த எம்.ஆர். ஊசி போட்டபோதும் இதுபோன்ற குரல் பதிவுகள் ஊரெல்லாம் சுற்றின. அன்று பள்ளியில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று காலேஜ் போகிறார்கள். உங்கள் கணவரின் தம்பி தங்கைகள், அக்கா பிள்ளைகள் யாராவது அந்த வரிசையில் நின்றிருப்பார்கள், கேட்கச் சொல்லுங்கள்.

அத்தைக்குத் தெரியாமல் போகலாமா?

சட்டப்படி உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. குழந்தைக்குத் தாய் நீங்கள், உங்கள் சம்மதம் போதும். மாமியாரின் அனுமதியை எந்த நர்சம்மாவும் கேட்கப் போவதில்லை. இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று தண்டிக்கப் போவதும் இல்லை.

ஆனாலும் ரகசியமாகப் போக வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் நடைமுறை. ராத்திரி காய்ச்சல் வந்தால் காரணத்தைச் சொல்லவும் முடியாமல், மருந்தைச் சரியாகக் கொடுக்கவும் முடியாமல் தவிப்பீர்கள். பகலெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர் மாமியார். வீங்கிய தொடையைத் தெரியாமல் அழுத்திக் குளிப்பாட்டிவிடுவார். விஷயம் வெளியே வந்தால் அடுத்த டோஸுக்கு இதைவிடப் பெரிய சுவர் எழும்பும். இன்னும் ஒரு வருடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போக வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒளிந்து போக முடியாது.

முதலில் கணவரிடம் பேசுங்கள். வண்டியை விட்டு இறங்கின களைப்பில் வேண்டாம், மார்க்கெட் இல்லாத ஒரு மத்தியானத்தில் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். மாமியாரிடம் அவர் பேசட்டும். மகன் சொல்வதற்கும் மருமகள் சொல்வதற்கும் வீட்டில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நாத்தனார் விஷயத்தில் மாமியாரின் ஞாபகம்தான் வழிகாட்டப் போகிறது என்பதால், பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். தன் மகளுக்காக மருத்துவரிடம் போய்வந்தவர், பேத்திக்காகப் போவதை முன்போல எதிர்க்கமாட்டார்.

அவர் பேத்திக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அந்த ராத்திரி உங்களோடு விழித்திருந்தவர் அவர். வண்டியூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்த்திக்கடனை அவசியம் செலுத்தச் சொல்லுங்கள், ஊசிக்கும் அதற்கும் சண்டையே கிடையாது. மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயது என்கிறீர்கள். அவர் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தலைமுறைக்கு ஊர் ஊராக வந்து பெரியம்மைக்குக் குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980-ல் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவரைப் பெற்றவர்கள் சாமியும் கும்பிட்டார்கள், பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கையையும் நீட்ட வைத்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் ஒப்பவில்லை என்றால், நீங்களும் கணவருமாக முடிவெடுத்து, “அத்தை, புதன்கிழமை போய்ப் போட்டுட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவது வேறு, ஒளித்துப் போவது வேறு. முடிந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள். சந்தேகங்களை நர்சம்மாவிடம் அவரே நேரில் கேட்கட்டும்.

புதன்கிழமை கிளம்பும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், கர்ப்ப காலத்தில் கொடுத்த பிக்மி எண்ணையோ நீங்கள் பதிவு செய்த செல்போன் எண்ணையோ சொன்னால் தேடிப் பார்ப்பார்கள். தொடை எளிதாகத் தெரிகிற தளர்ந்த பருத்தி உடுப்புப் போட்டு விடுங்கள். போடும் முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுங்கள். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். ராத்திரியில் ஏதாவது சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். நாத்தனாரின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.